காட்டுக்குள் போன இருவர்

நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னால் எந்த ஊரிலும் அது முட்டை வடிவத்தில்தான் வந்து நிற்கும். லண்டன் பிளூம்ஸ்பரியிலும் அப்படித்தான் நின்றது. கவுன்சிலுக்குச் சொந்தமான கட்டடம் ஒன்றின் மாடியறை. ஒன்றன்மேல் ஒன்று அடுக்குகிற பிளாஸ்டிக் நாற்காலிகள். சன்னலடியில் வெந்நீர் ஓடும் இரும்பு ஹீட்டர். அதன்மேல் யாரோ காயப்போட்ட கம்பளிக் கையுறைகள். மூலை மேசையில் கெட்டில், காகிதக் கோப்பைகள், ஒரு தட்டு பிஸ்கட். சுவரோரம் சுருட்டி நிறுத்திய யோகா பாய்கள், பகல் வகுப்புக்காரர்களுடையவை. மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை இந்த அறையில் ஒரு வாசகர் குழு கூடுகிறது. ஆணைக் காதலித்த ஆண்களையும் பெண்ணைக் காதலித்த பெண்களையும் பற்றிய பழைய புத்தகங்களை, அதாவது அந்தக் காதல் கோர்ட்டுக்கும் போலீசுக்கும் உரிய விஷயமாக இருந்த நாளில் எழுதியவற்றை, எடுத்து வாசித்துப் பேசுகிற குழு.

என்னைக் கூட்டிவந்தவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண். நாற்பது வயதிருக்கும். குழுவை நடத்துகிற அம்மாளிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணை, முதல்தரம் வாறவை கதைக்கத் தேவையில்லை. அது இங்கத்தைச் சட்டம். பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருங்கோ." எனக்கு இதைவிட வசதியான சட்டம் வேறு இல்லை. கதவுக்கு எதிர்ச்சுவரில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

நடத்துகிற அம்மாள் ஓய்வுபெற்ற நூலகர். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார். நீளமாகப் பேசுகிறவரை அவர் தடுப்பதில்லை. கடிகாரத்தை எடுத்து ஒருமுறை முகத்தருகே பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். பேசுகிறவர் தானாக முடித்துக்கொள்வார். இன்னொரு சட்டமும் உண்டு. யாரும் யாரையும் "நீங்கள் எப்படி?" என்று கேட்கக்கூடாது. புத்தகத்தைப் பற்றிப் பேசினால் போதும், தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அரைமணி போவதற்குள் எல்லோரும் தங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், புத்தகத்தின் பெயரால்.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது ஈ. எம். ஃபார்ஸ்டரின் 'மாரிஸ்'.

கையிலிருக்கும் பிரதியைப் பார்த்தே ஆளின் வயதைச் சொல்லிவிடலாம் போலிருந்தது. எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர், டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்; காதில் கேட்கும் கருவி. அவருடையது பழைய பென்குவின் பதிப்பு. முதுகெலும்பு விட்டுப்போய் டேப் ஒட்டியிருக்கிறது. அட்டையின் மேல் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் பழுப்புத் தாள் உறை. எழுபதுகளில் ரயிலில் வைத்து வாசிப்பதற்காகப் போட்டது, இன்னும் கழற்றவில்லை. அவருக்கு அடுத்தாற்போல் பெல்ஃபாஸ்ட்காரர் ஒருவர், வீடுகளுக்கு ஹீட்டர் பாய்லர் மாட்டுகிறவர், பெரிய கைகள். அவருடைய பிரதியின் அட்டையில் 1987இல் வந்த மெர்ச்சன்ட் ஐவரி படத்தின் முகங்கள். சைக்கிள் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த மாணவி போனில் வாசித்தாள். விரலால் தள்ளித் தள்ளி, வேண்டிய வரியைக் கிழவர் பக்கம் புரட்டுவதற்குள் பிடித்துவிடுகிறாள். கதவோரத்தில் ஒரு பையன். இருபது இருபத்திரண்டு இருக்கும். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். பார்கோடு ஒட்டிய நூலகப் பிரதி, பெயர் தெரியாதபடி முழங்கால்மேல் கவிழ்த்து வைத்தது. அவனும் பேசவில்லை. அறையில் கடைசிவரை பேசாதவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால் அடிக்கடி அவன் பக்கம் என் கண் போயிற்று.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மாரிஸ் ஹால் கேம்பிரிட்ஜில் படித்து, பங்குத் தரகனாக வேலைக்குப் போகிற சாதாரண நடுத்தர வர்க்கத்து இளைஞன். கல்லூரியில் கிளைவ் என்ற பணக்கார வீட்டுப் பையனோடு காதல். கிளைவுக்கு அது புத்தகக் காதல், கிரேக்கத் தத்துவம். சில வருஷத்தில் மனம் மாறிக் கல்யாணம் செய்துகொள்கிறான். மாரிஸ் தன்னைக் 'குணப்படுத்திக்கொள்ள' மனவசிய மருத்துவரிடம் போகிறான். அவரும் முயன்று பார்த்துவிட்டு, பிரான்சுக்கோ இத்தாலிக்கோ போய்விடு, அங்கே இது குற்றமில்லை என்று யோசனை சொல்கிறார். கடைசியில் கிளைவின் பண்ணையில் வேட்டைக்காவலனாக இருக்கும் அலெக் ஸ்கடரோடு மாரிஸ் சேர்கிறான். இருவரும் வேலை, குடும்பம், அந்தஸ்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டுப்பக்கமாகப் போய்விடுகிறார்கள். பிரியவில்லை, சாகவில்லை, சிறைக்குப் போகவில்லை. அவ்வளவுதான் கதை.

அந்த 'அவ்வளவுதான்'தான் சிக்கல். ஃபார்ஸ்டர் இதை 1913, 14இல் எழுதினார். ஆஸ்கார் வைல்டுக்கு இரண்டு வருஷக் கடுங்காவல் விதிக்கப்பட்ட 1895இல் அவருக்குப் பதினாறு வயது. எழுதி முடித்த நாவலை நம்பிக்கையான நண்பர்களிடம் மட்டும் கொடுத்து வாங்கினார். திருத்தினார், மேசை இழுப்பறையில் வைத்தார், மறுபடி திருத்தினார். 1960இல் ஒரு பின்குறிப்பு எழுதிச் சேர்த்தார். காதலர்களில் ஒருவன் தூக்கில் தொங்கியிருந்தாலோ இருவரும் சேர்ந்து செத்திருந்தாலோ அச்சிடுவதில் கஷ்டமிருந்திருக்காது, இவர்கள் நன்றாக வாழ்ந்துவிட்டார்கள், அதுதான் குற்றத்துக்குத் தூண்டுவதாக ஆகிறது என்பது அதன் சாரம். 1970இல் தொண்ணூற்றொரு வயதில் அவர் இறந்தார். அடுத்த வருஷம் 'மாரிஸ்' வெளிவந்தது.

என்னைக் கேட்டால், நாவலாக அது அவருடைய 'ஹவர்ட்ஸ் எண்ட்' பக்கத்தில் நிற்காது. கிளைவ் திடீரென்று மனம் மாறுகிற இடத்தில் ஆசிரியரின் கை நடுங்குவது தெரிகிறது. ஆனால் என்னைத்தான் யாரும் கேட்கவில்லையே.

பேச்சை மாணவிதான் தொடங்கினாள், அதுவும் முடிவிலிருந்து.

"எனக்கு ஒன்று புரியவில்லை. இரண்டு பேரும் காட்டுக்குள் போய்விட்டார்கள். சரி. என்ன சாப்பிடுவார்கள்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மாரிஸுக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது என்றாள். பங்குச் சந்தை ஆள், வேலைக்காரர்கள் வைத்த வீட்டில் வளர்ந்தவன். அலெக்குக்கு அர்ஜென்டினா போகக் கப்பல் சீட்டு கையிலிருக்கிறது, அண்ணன் பார்த்துக் கொடுத்த வேலை இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு வருகிறான். மாரிஸ் ஆறு மாதத்தில் அலுத்துப்போய்த் திரும்பினால் அவனுக்கு அம்மா வீடு இருக்கிறது. அலெக்குக்கு? இது ஆசிரியர் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட தேவதைக் கதை.

நூலக அம்மாள் குறுக்கிட்டார். இந்தச் சந்தேகம் புதிதல்ல. கையெழுத்துப் பிரதியைப் படித்த லிட்டன் ஸ்ட்ரேச்சியே, இந்தச் சேர்க்கை ஆறு வாரத்துக்குமேல் தாங்காது என்று சொன்னதாக ஃபார்ஸ்டர் பின்குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்னொன்றும் உண்டு. நாவலுக்கு முதலில் ஒரு பிற்சேர்க்கை அத்தியாயம் இருந்தது. சில வருஷம் கழித்து மாரிஸின் தங்கை காட்டில் இரண்டு மரவெட்டிகளைப் பார்க்கிறாள், அவர்கள் இவர்கள்தான். படித்த நண்பர்கள் யாருக்கும் அது பிடிக்கவில்லை, எடுத்துவிட்டார்.

"ஆக, மரம் வெட்டிச் சாப்பிட்டார்கள்," என்றார் பெல்ஃபாஸ்ட்காரர். "அதைச் சொன்ன அத்தியாயத்தைத்தான் கிழித்துப் போட்டிருக்கிறார்கள், படித்தவர்கள்."

பெரியவர் இதுவரை காதுக் கருவியைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். உறை போட்ட புத்தகத்தை மடியில் மூடினார்.

"காட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கிராய்டனில் நாற்பத்தோரு வருஷம் சாப்பிட்டோம்."

அறையில் யாரும் அவரைத் தொடர்ந்து சொல்லச் சொல்லவில்லை. அவரே சொன்னார். இரண்டு படுக்கையறை வீடு. வெளியுலகுக்கு ஒருவர் வீட்டுக்காரர், இன்னொருவர் வாடகைக்கு இருப்பவர். வாரம் ஒருநாள் வீடு கூட்ட ஓர் அம்மாள் வருவாள். அன்று காலை இரண்டாவது கட்டிலின் விரிப்பைக் கசக்கி, தலையணையில் ஒரு குத்து விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டும். அது அவருடைய வேலை. டீ போடுவது இன்னொருவருடைய வேலை. 1967இல் சட்டம் வந்த பிறகும் சில வருஷம் கசக்கிக்கொண்டுதான் இருந்தார்களாம். அந்தச் சட்டத்தை அவர் பெரிய மனதோடு நினைக்கவில்லை. இருவருக்கும் இருபத்தொரு வயது ஆகியிருக்கவேண்டும், மூன்றாவது ஆள் உடனிருக்கக்கூடாது, ராணுவத்தில் இருந்தால் செல்லாது. இத்தனை நிபந்தனையும் ஒழுங்காக நிறைவேறினால் உன்னைப் பிடிக்கமாட்டோம் என்ற உத்தரவாதம், அவ்வளவுதான்.

"அதுவும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான்," என்றார் பெல்ஃபாஸ்ட்காரர். "எங்களுக்கு 1982. அதற்கும் ஒரு ஆள் ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போகவேண்டியிருந்தது."

"அந்தக் கூட்டுகிற அம்மாளுக்குத் தெரிந்திருக்குமா?" என்று கேட்டாள் மாணவி.

"முதல் வாரமே தெரிந்திருக்கும். தலையணை ஒரே பக்கம் குத்துப்பட்டிருக்கும் அல்லவா."

இந்தமுறை எல்லோரும் சிரித்தார்கள், மாணவியும். ஆனால் அவள் விட்டுவிடவில்லை. அதுதான் எனக்கு அவளிடம் பிடித்தது. வயதானவர் ஒருவர் தன் வாழ்க்கையை எடுத்து வைத்துவிட்டால் மரியாதைக்காக வாதத்தை முடித்துக்கொள்வது நம் வழக்கம். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்படியானால் ஃபார்ஸ்டர் ஏன் கிராய்டனைப் பற்றி எழுதவில்லை? கட்டில் விரிப்பைப் பற்றி எழுதியிருக்கலாமே. காடு எதற்கு?"

பெரியவர் யோசித்தார். அவசரமில்லாமல் யோசித்தார். நூலக அம்மாள் கடிகாரத்தைத் தொடவில்லை.

"அவருக்குக் கிராய்டன் கிடைக்கவில்லை," என்றார் கடைசியில்.

அது உண்மையும்தான். ஃபார்ஸ்டர் தம் தாயாரோடு, அவர் மறையும்வரை, வாழ்ந்தவர். வெகுகாலம் அவருக்கு நெருக்கமாக இருந்தவர் பாப் பக்கிங்ஹாம் என்ற போலீஸ்காரர். அவருக்குக் கல்யாணமாகி மனைவி இருந்தார். அந்த மனைவியும் ஃபார்ஸ்டரை விடாமல் பார்த்துக்கொண்டார். கோவென்ட்ரியில் அவர்கள் வீட்டில்தான் ஃபார்ஸ்டரின் உயிர் பிரிந்தது. நூலக அம்மாள் இதைச் சொன்னபோது பெல்ஃபாஸ்ட்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். "போலீஸ்காரரா!" தொடையில் ஒரு தட்டு. சட்டம் மாறிய பிறகும் மூன்று வருஷம் இருந்தாரே, ஏன் அப்போதாவது வெளியிடவில்லை என்று யாரோ கேட்டார்கள். எண்பத்தெட்டு வயது என்றார் ஒருவர். பக்கிங்ஹாம் குடும்பம் பேப்பரில் அடிபடும் என்றார் இன்னொருவர். கோழைத்தனம் என்றாள் மாணவி. யாரும் மறுக்கவில்லை, ஏற்கவுமில்லை.

டீ நேரம். கெட்டில் இருந்த மூலையில் ஒரு சுவரலமாரி. பால் எடுப்பதற்காக நூலக அம்மாள் அதைத் திறந்தபோது கீழ்த்தட்டில் புத்தகங்கள் தெரிந்தன. பால்ட்வினின் 'ஜியோவானீஸ் ரூம்', மேரி ரெனோவின் 'த சாரியட்டியர்', இஸ்மத் சுக்தாயின் கதைகள் ஆங்கிலத்தில். முந்தைய மாதங்களின் புத்தகங்கள். குழுவின் சொத்து என்று நினைத்தேன். கோட்டுப் பையன் வந்து, தன் கையிலிருந்த பிரதியை அவற்றின் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரையும் பாராமல் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போனான். அம்மாள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அலமாரியை மூடினார். இங்கே வாசித்துவிட்டு இங்கேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கவேண்டும். அந்தத் தட்டில் சில புத்தகங்களுக்கு இரண்டு மூன்று பிரதிகள் இருந்தன.

அம்மாளுக்கு அலமாரிகள் புதிதல்ல என்பது டீ குடிக்கும்போது தெரிந்தது. 1988இல் உள்ளாட்சிச் சட்டத்தில் 28ஆம் பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது. ஊக்குவிப்பது என்றால் என்னவென்று சட்டம் விளக்கவில்லை. பொது நூலகங்கள் உள்ளாட்சியினுடையவை. அப்போது அம்மாள் ஒரு நூலகத்தில் இளநிலை ஊழியர். யாரும் உத்தரவு போடவில்லை, ஆனால் ஒரு சனிக்கிழமை சில புத்தகங்கள் அலமாரியிலிருந்து பின்னறைக்குப் போய்விட்டன. வாசகர் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தரலாம். "பெயரைக் கவுண்டரில் சத்தமாகச் சொல்லவேண்டும். பின்னால் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார்." இங்கிலாந்தில் அந்தப் பிரிவு நீங்க 2003 ஆயிற்று. அதன்கீழ் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அச்சமே எல்லா வேலையையும் செய்து கொடுத்துவிட்டது. இப்போது அவர் குழு நடத்தும் இந்த மாடியறை கவுன்சிலுடையது. வாடகை கட்டிய ரசீதை அவர் பைக்குள் மடித்து வைக்காமல் கண்ணாடி உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். பழக்கம் என்றார்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மார்ச்மண்ட் தெருவில் 'கேய்ஸ் த வேர்ட்' புத்தகக் கடை இருக்கிறது. குழுவின் புத்தகங்களில் பாதி அங்கே வாங்கியவை. 1979 ஜனவரியில் தொடங்கிய கடை. 1984 ஏப்ரலில் சுங்கத்துறை அதிகாரிகள் வந்து, அமெரிக்காவிலிருந்து வரவழைத்த புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக அள்ளிப் போனார்கள். டென்னஸி வில்லியம்ஸும் இஷர்வுட்டும் ஜெனேயும்கூட அந்தப் பெட்டிகளில் போனார்கள். கடை நடத்தியவர்கள் மேல் 1876ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்து வழக்குப் போட்டார்கள். இரண்டு வருஷம் இழுத்து, அரசே கைவிட்டது. அதே கடையில்தான் 1984இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பணம் திரட்டிய கே, லெஸ்பியன் ஆதரவுக் குழுவும் கூடியது. பெல்ஃபாஸ்ட்காரர் லண்டனுக்கு வந்த புதிதில், உள்ளே போகத் துணியாமல் எதிர்ச் சாரியில் நின்று அந்தக் கடையின் சன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். எத்தனை முறை என்று சொல்லவில்லை.

டீக்குப் பிறகு பேச்சு வர்க்க வேற்றுமைப் பக்கம் திரும்பியது. இதில் பெல்ஃபாஸ்ட்காரர் நிறையச் சொன்னார். கிளைவ் வீட்டில் மழைக்கு எந்த இடம் ஒழுகும், பியானோவை எங்கே நகர்த்துவார்கள் என்பதெல்லாம் நாவலில் இருக்கிறது. அலெக் படுக்கிற அறை எப்படியிருக்கும்? ஒரு வரி இல்லை. ஏணி வைத்து சன்னல் வழியாக ஏறி வருகிறான், அதற்குமுன் அவன் எங்கிருந்தான்? "நான் இந்த ஊரில் பெரிய வீடுகளுக்குள் பாய்லர் மாட்டப் போகிறேன். வீட்டுக்காரருக்கு என் பெயர் தெரியாது. எனக்கு அவர் வீட்டுக் குழாய் ஒவ்வொன்றும் தெரியும். இந்தக் கதையை அலெக் எழுதியிருக்கவேண்டும்." ஆனாலும் பிரிட்டிஷ் மியூசியக் காட்சியில் ஃபார்ஸ்டரை அவர் மன்னித்துவிட்டதாகச் சொன்னார்.

அந்தக் காட்சி இந்த அறையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் நடக்கிறது. அலெக் மாரிஸை மிரட்டிப் பணம் கேட்கும் நோக்கத்தோடு வருகிறான், அல்லது அப்படி வந்ததாகத் தனக்கே சொல்லிக்கொள்கிறான். வெளியே மழை. இருவரும் பழங்கால அசிரியச் சிலைகளுக்கிடையே சண்டை போட்டுக்கொண்டே நடக்கிறார்கள். சிறகுள்ள அந்தக் காளைகளுக்கு ஐந்து கால்; முன்னால் நின்று பார்த்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலும் கால் கணக்குச் சரியாக இருக்கவேண்டும் என்று சிற்பி ஒன்றைக் கூடச் செதுக்கிவிட்டான். அப்போது மாரிஸின் பள்ளிக்கூட வாத்தியார் எதிரே வருகிறார். சிறுவயதில் கடற்கரை மணலில் படம் போட்டு அவனுக்கு ஆண் பெண் உறவை விளக்கியவர். வேறு பெயர் சொல்லி அழைக்கிறார். மாரிஸ், தன் பெயர் ஸ்கடர் என்கிறான். காதலனின் பெயரை, வேலைக்காரனின் பெயரை, வாத்தியார் முன்னால் தனதாக்கிக்கொள்கிறான். மிரட்ட வந்தவன் பக்கத்தில் நிற்கிறான். பெல்ஃபாஸ்ட்காரர் இந்த இடத்தை வாசித்துக் காட்டினார். தடித்த விரல் வரியின் கீழேயே போயிற்று. கோட்டுப் பையன் முதல்தடவையாக முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தான்.

சனிக்கிழமை எல்லோருமாகப் போய் அந்தக் காளையைப் பார்க்கலாமா என்று யாரோ கேட்டார்கள். இலவசம்தானே என்றார்கள். தீர்மானமாகிவிட்டது.

அதன்பிறகுதான் மருந்துக்கடைப் பெண் பேசினார். அவர் அதுவரை பேசாததற்குக் காரணம், தன் முறைக்குக் காத்திருந்ததுதான் என்பது அவர் பையிலிருந்து எடுத்த ஜெராக்ஸ் தாள்களைப் பார்த்தபோது புரிந்தது. என்ன சாப்பிட்டார்கள் என்ற கேள்விக்கு விடை இந்த நாவலுக்கு வெளியே இருக்கிறது என்றார். 1913இல் ஃபார்ஸ்டர் டார்பிஷயரில் மில்தோர்ப் என்ற ஊருக்குப் போனார். அங்கே எட்வர்ட் கார்பென்டர் என்ற சோசலிச எழுத்தாளரும், ஷெஃபீல்டு சேரியில் பிறந்த ஜார்ஜ் மெரிலும் பகிரங்கமாக ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள், 1898இலிருந்து. வைல்டு சிறையிலிருந்து வெளியே வந்த மறுவருஷத்திலிருந்து. மெரில் ஃபார்ஸ்டரின் பின்பக்கத்தில், பிட்டத்துக்குச் சற்று மேலே, லேசாகத் தொட்டார், அந்த நிமிஷமே நாவல் முழுதும் மனதில் வந்துவிட்டது என்று ஃபார்ஸ்டரே எழுதியிருக்கிறார். (இந்த இடத்தில் சிரிப்பு.) சரி, அந்த வீட்டில் அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? கார்பென்டர் காய்கறி பயிரிட்டுச் சந்தையில் விற்றார். இந்தியாவிலிருந்து நண்பர் அனுப்பிய செருப்பைப் பார்த்து வார்ச்செருப்பு தைக்கக் கற்று அதையும் விற்றார். மெரில் வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஃபார்ஸ்டர் அந்த வீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போய்க் காட்டை எழுதினார்.

மாணவி கையைத் தூக்காமலே பேசிவிட்டாள்: "பார்த்தீர்களா? கிராய்டன் கிடைத்திருக்கிறது. அவர்தான் எடுத்துக்கொள்ளவில்லை."

பெரியவர் தலையை ஆட்டினார். அது ஒப்புக்கொண்டதா இல்லையா என்று தெரியவில்லை.

மருந்துக்கடைப் பெண் இன்னும் முடிக்கவில்லை. கார்பென்டருக்குக் கேம்பிரிட்ஜ் நாளிலிருந்தே ஒரு சிநேகிதர், பொன்னம்பலம் அருணாசலம். பின்னாளில் சர் பட்டம் பெற்று, 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான அதே அருணாசலம்தான். அவர் அழைப்பில்தான் கார்பென்டர் 1890இல் இலங்கைக்குக் கப்பலேறினார். குருநாகலில் இராமசாமி என்ற தமிழ் ஞானியின் முன்னால் நாள்கணக்காக உட்கார்ந்து கேட்டார். ஊர் திரும்பி 1892இல் 'ஃப்ரம் ஆடம்ஸ் பீக் டு எலிஃபன்டா' என்ற பயண நூலில் அந்தச் சந்திப்பை விரிவாக எழுதினார். அந்தப் பக்கங்களின் ஜெராக்ஸைத்தான் சுற்றுக்கு விட்டார். "எங்கட மானிப்பாய்க் குடும்பம்," என்று தமிழில் என் பக்கம் திரும்பிச் சொன்னார், மற்றவர்களுக்குச் சொல்லாமல். அந்தப் பெருமையைப் பார்க்கவேண்டும். நூற்றுமுப்பது வருஷத்துச் சொந்தக்காரர் நேற்று வீட்டுக்கு வந்துபோன மாதிரி.

ஆகவே அடுத்த மாதத்துக்கு 'ஃபன்னி பாய்' வைத்துக்கொள்ளலாம் என்றார். ஷ்யாம் செல்வதுரையின் நாவல், 1994. கொழும்புத் தமிழ்க் குடும்பத்துப் பையன் அர்ஜி. பொம்மைக் கல்யாண விளையாட்டில் மணப்பெண்ணாகச் சேலை கட்டிக்கொள்வதில் தொடங்கி, பள்ளிக்கூடக் காதல் வழியாக, 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்து கனடா போவதில் முடிகிற கதை.

உடனே ஆட்சேபம். கிளாசிக் என்றுதானே குழுவின் பெயரில் இருக்கிறது, 1994 எப்படிக் கிளாசிக் ஆகும் என்றார் கண்ணாடிக்கார மனிதர் ஒருவர். இதுவரை வாசித்த எழுத்தாளர்கள் எல்லோரும் காலமானவர்கள், இவர் உயிரோடிருக்கிறார்.

"ஒருவர் செத்த பிறகுதான் வாசிப்போம் என்று காத்திருந்து வாசித்ததைத்தான் ஒன்றரை மணிநேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்," என்றார் பெல்ஃபாஸ்ட்காரர். "அதுவே போதாதா?"

மருந்துக்கடைப் பெண் வருஷக் கணக்கைச் சொன்னார். பிரிட்டிஷ்காரர்கள் எழுதிவைத்த இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 365ஏ பிரிவு, முதலில் ஆண்களுக்கு மட்டுமானது. நாவல் வந்த மறுவருஷம், 1995இல், அதைத் திருத்தினார்கள். நீக்கவில்லை, பெண்களையும் சேர்த்தார்கள். இந்தியாவில் 377ஆம் பிரிவின் கீழ் வயதுவந்தோர் விரும்பிக் கொள்ளும் உறவு குற்றமில்லை என்று ஆனது 2018இல். இலங்கையில் 365ஏ இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. மாத்திரையை எத்தனை வேளை சாப்பிடவேண்டும் என்று சொல்வதுபோல் சொன்னார். கண்ணாடிக்காரர் ஆட்சேபத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று சொல்லமுடியாது. ஆனால் கை தூக்கச் சொன்னபோது அவரும் தூக்கினார். நான் கணக்கில் இல்லை. கோட்டுப் பையன் தூக்கினான், முழங்கை மடிந்தபடி, காது உயரத்துக்கு.

"பெரிய எழுத்தில் கிடைக்குமா?" என்று கேட்டார் பெரியவர். விசாரிக்கிறேன் என்றார் நூலக அம்மாள். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். எத்தனை பிரதி வேண்டும் என்று எண்ணினார். எண்ணி முடித்து, யாரிடமும் கேட்காமல், இரண்டு கூட்டிக்கொண்டார்.

படியிறங்கும்போது மருந்துக்கடைப் பெண் கேட்டார்: "எப்பிடி அண்ணை, அலுப்படிச்சதோ?" இல்லை என்றேன். "ஓம், நீங்கள் பிஸ்கட்டே தொடேல்லை எண்டதைக் கண்டனான்."

கீழே நடைபாதையில் பெரியவரும் மாணவியும் மறுபடி தொடங்கியிருந்தார்கள். இப்போது காட்டைப் பற்றியல்ல, மியூசியத்துக்கு எந்த வாசலால் போவது என்று. மாண்டேகு பிளேஸ் பின்வாசலில் சோதனை வரிசை குறைவு, சைக்கிளும் நிறுத்தலாம் என்றாள் அவள். காளைகள் இருப்பது கிரேட் ரஸ்ஸல் தெரு வாசல் பக்கம், பின்வாசலால் நுழைந்தால் கட்டடம் முழுதும் நடக்கவேண்டும், எண்பத்திரண்டு வயதுக்காரனை அவ்வளவு தூரம் நடத்துவாயா என்றார் அவர். அப்படியானால் நீங்கள் முன்வாசலால் வாருங்கள், நான் பின்வாசலால் வருகிறேன், காளைக்கு முன்னால் பார்க்கலாம் என்றாள் அவள். எந்தக் காளைக்கு முன்னால், ஒரு ஜோடிக்குமேல் இருக்கிறதே என்று அவர் கேட்டார். பேருந்து வந்து நின்றது. ஐந்து கால் தெரிகிறதற்கு முன்னால் என்று கத்திவிட்டு அவள் ஹெல்மெட்டை மாட்டினாள்.